அத்தையின் வயிறும் வயல் கோரையும்

வீட்டில் வயசானவர்களுக்கு வயிறு கெட்டுப்போனால் நாம் முதலில் பழி போடுவது சாப்பாட்டின் மேல்தான். "ராத்திரி காராமணிக் குழம்பு ஒத்துக்கலை", "கல்யாண வீட்டு வடையிலே எண்ணெய் சரியில்லை" என்று ஏதாவது ஒன்று. சமைத்தது நாமாக இருந்தால் கூண்டில் நிற்பதும் நாம்தான். நாத்தனார் போன் பண்ணி, "அம்மாவுக்கு என்ன அண்ணி குடுத்தீங்க?" என்று கேட்கும்போது நமக்குச் சுருக்கென்று இருக்கும்.

சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வயிற்றுப்போக்கு உண்டு. வேறு ஏதோ வியாதிக்காகச் சாப்பிட்ட மாத்திரையின் வால் பிடித்துக்கொண்டு அது வரும். வந்தால் ஒரு தடவையோடு போகாது. சரியாச்சு என்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட இரண்டாவது வாரம் மறுபடி வந்து நிற்கும். எங்கள் வீட்டில் என் மாமியாருக்கு அது வந்து, போய், திரும்பி வந்து, ஐந்து மாசம் எங்களை ஆட்டி வைத்தது. அந்த ஐந்து மாசத்தில் தெரிந்துகொண்டதை, வீட்டில் பெரியவர்களை வைத்திருக்கும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்தவாசி. 1760-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டைக்காகச் சரித்திரப் புத்தகத்தில் இடம் பிடித்த ஊர். மற்றபடி கோரைப் பாய்க்குப் பேர் போனது. நான் பிறந்தது பக்கத்தில் ஆரணி. பட்டுத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். வாக்கப்பட்டு வந்த வீட்டில் தறி கிடையாது, ஒன்றரைக் காணி நஞ்சை உண்டு. அத்தைக்கு வயசு 74. நாற்று நடவிலிருந்து களை எடுப்பு வரை கூட நின்று வேலை பார்த்த உடம்பு. "ஆஸ்பத்திரிக்கு நான் போனது மூணு பிரசவத்துக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தொடங்கியது பல்லில்

2023-ம் வருஷம் ஐப்பசி மாசம். அத்தைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்து கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டர் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார். வீக்கம் வடிந்தது. அடுத்த பத்து நாளில் சிறுநீர்க் கடுப்பு, குளிர் காய்ச்சல். அதற்கு வேறொரு ஆன்டிபயாடிக், ஐந்து நாள். அதுவும் சரியானது. இரண்டுமே தேவைப்பட்டுத்தான் கொடுத்தார்கள், வேலையும் செய்தன. அதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிறுநீர்த் தொல்லை தீர்ந்து ஒரு வாரம் கழித்து அத்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதல் நாள் நாலு தடவை, மறுநாள் எட்டு. தண்ணீராக, ஒரு விதமான கெட்ட வாடையோடு, அடிவயிற்றில் முறுக்கு வலியோடு. நான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். மாதுளம் ஓட்டுக் கஷாயம் வைத்தார் பக்கத்து வீட்டு அக்கா. எதற்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் என் கொழுந்தனார் வழியில் ஒரு மருந்துக் கடையில் சொல்லி, போக்கை நிறுத்தும் மாத்திரையும் கூடவே இன்னொரு ஆன்டிபயாடிக்கும் வாங்கி வந்துவிட்டார். சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள். "ரெண்டு போட்டா கப்புனு நின்னுடும்னு சொன்னாங்க அண்ணி" என்றார். நல்ல மனசோடு செய்ததுதான்.

ராத்திரி இரண்டு வேளை மாத்திரை போனது. விடியற்காலையில் போக்கு நின்றிருந்தது. ஆனால் வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. அத்தை கூப்பிட்டதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. என்றைக்கோ செத்துப்போன தன் தங்கையை, "அவ எங்க போனா?" என்று கேட்டார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே எங்கள் ஊர் லேடி டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

டப்பாவில் இருந்த சாட்சி

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்ட முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றி அல்ல. "போன மூணு மாசத்திலே அம்மாவுக்கு என்னென்ன மாத்திரை குடுத்தீங்க?" என்பதுதான்.

எங்கள் வீட்டில் தீர்ந்த மாத்திரை அட்டையை நான் எறிவதில்லை. பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி குறிப்பேன். ஆரணியில் எங்கள் அப்பா, தறிக்கு வந்த பட்டுநூல் ஒவ்வொரு கட்டின் சீட்டையும் சேலை விற்கும் வரைக்கும் வைத்திருப்பார். "சாயம் போச்சுன்னா எந்தக் கட்டுன்னு தெரியணும்ல" என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. டப்பாவை அப்படியே டாக்டரம்மா மேஜை மேல் கவிழ்த்தேன். இரண்டு ஆன்டிபயாடிக் அட்டைகள்; அதோடு இரண்டு வருஷமாகத் தினமும் வெறும் வயிற்றில் போட்டு வந்த அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அட்டைகள்.

"பாதி பதில் இதிலேயே இருக்கு" என்றார் டாக்டரம்மா. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, அன்றைக்கே வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மலத்தைச் சோதித்துப் பெயரைச் சொன்னார்கள்: கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். சுருக்கமாக சி-டிஃப். வாயில் நுழையாத பேர். பேர் நுழையவில்லை என்றாலும் கிருமி நுழைந்துவிட்டதே!

இது என்ன கிருமி?

இந்தக் கிருமியை 1935-ல் அமெரிக்காவில் ஹால், ஓ'டூல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பிறந்த குழந்தைகளின் மலத்தில் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது கஷ்டமாக இருந்ததால் 'கஷ்டமானது' என்று பொருள்படும் லத்தீன் பெயரையே வைத்தார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் பயப்பட வேண்டாம்: நல்ல ஆரோக்கியமான குழந்தைகளின் குடலில் இது சாதாரணமாகவே இருக்கும், அவர்களை ஒன்றும் செய்வதில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பெரியவர்களின் பெருங்குடலைப் புண்ணாக்குவது இதுதான் என்று நிச்சயமாகத் தெரிந்தது 1978-ல்தான். கிருமி சுரக்கும் விஷம்தான் குடலை அரிக்கிறது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் ஏன் வர வேண்டும்? நம் குடலில் கோடானுகோடி நல்ல கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன. இடம் காலியில்லாததால் இந்த மாதிரிப் போக்கிரிகளுக்கு அங்கே கால் வைக்க முடியாது. ஆன்டிபயாடிக் பல்லில் இருக்கும் கெட்ட கிருமியைக் கொல்லும்போது குடலில் இருக்கும் நல்லவற்றையும் சேர்த்து அழிக்கிறது. வீடு காலியானதும் இது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாத்திரை சாப்பிடும்போதே வரலாம். சாப்பிட்டு முடித்துச் சில வாரம் கழித்தும் வரலாம். 65 வயதைத் தாண்டியவர்கள், ஆஸ்பத்திரியில் தங்கியவர்கள், ஏற்கெனவே வேறு நோய்களால் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அத்தைக்கு அந்த மாத்திரை இனி தேவையில்லை என்று பார்த்து டாக்டர்கள் நிறுத்திவிட்டார்கள். நாமாக நிறுத்தக் கூடாது, ஏனென்றால் சிலருக்கு அது அவசியம். "இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை.

போக்கை நிறுத்தும் மாத்திரை ஏன் கெடுதல் செய்தது என்றும் கேட்டேன். விஷம் வெளியேற வழியில்லாமல் குடலிலேயே தங்கிவிடும், குடல் வீங்கிச் செயலற்றுப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். ஆகவே, போக்கு திடீரென்று நின்று வயிறு உப்பினால் அது குணம் அல்ல, அபாயம். ஜுரம், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, பேச்சு தடுமாறுவது இவையும் அப்படியே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதற்காக எல்லா வயிற்றுப்போக்கும் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் கெட்ட தண்ணீர், கெட்ட சாப்பாட்டால் வருவதுதான் ஏராளம். சந்தேகம் வர வேண்டிய இடம் இது: வயசானவர், சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர், ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போகிறவர். அப்போது சோதனை கேளுங்கள்.

மருந்தும், திரும்பி வந்ததும்

ஆன்டிபயாடிக்கால் வந்த நோய்க்கு மருந்தும் ஓர் ஆன்டிபயாடிக்தான் என்றால் வேடிக்கையாக இல்லை? வான்கோமைசின் என்று பேர். 1950-களில் போர்னியோ தீவின் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டுபிடித்தார்களாம். மற்ற நோய்களுக்கு இதை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். இந்த நோய்க்கு வாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். வாய் வழியாகப் போவது ரத்தத்தில் பெரிதாகச் சேராமல் குடலிலேயே தங்கி வேலை செய்யும். அத்தைக்கு 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நாலு வேளை, பத்து நாள். முன்பெல்லாம் மெட்ரோனிடஸோல்தான் முதலில் கொடுப்பார்களாம். இப்போது வான்கோமைசின், ஃபிடாக்ஸோமைசின் என்ற இரண்டுக்கும்தான் முதல் இடம். பின்னது கொடுத்தால் நோய் திரும்புவது குறைவு. ஆனால் விலை அதிகம்.

நாலாவது நாளே அத்தைக்குத் தெளிவு வந்துவிட்டது. பத்து நாள் முடிந்து வீட்டுக்கு வந்தோம். ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். வாசலில் உட்கார்ந்து கீரைக்காரியோடு பேரம் பேசினார். எங்களுக்குப் போன உயிர் திரும்பியது.

மருந்து நிறுத்திய பன்னிரண்டாம் நாள் மறுபடி ஆரம்பித்தது.

அன்றைக்கு அத்தை அழுததைப் பார்த்திருக்கிறேன். வியாதிக்காக அழவில்லை. எட்டு முழப் புடவையோடு கொல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிட்டது. அந்தப் புடவையை நான் பார்க்காமல் துவைத்துவிட வேண்டும் என்று விடியற்காலை நாலு மணிக்குத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தார். மார்கழிக் குளிர். "நாலு ஆள் வேலை செஞ்ச உடம்பும்மா இது. இப்ப ஒன் கையிலே துணி கசக்கக் குடுக்குதே" என்றார்.

அதற்குப் பிறகு இன்னொன்றைக் கவனித்தேன். வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. கஞ்சியில் பாதி மிச்சம். குடித்தால் தானே போகும், போனால்தானே மருமகளுக்கு வேலை என்று ரகசியமாகத் தண்ணீரைக் குறைத்திருக்கிறார்! இந்த நோயில் வயசானவர்களுக்கு எமன் பெரும்பாலும் கிருமி ரூபத்தில் மட்டும் வருவதில்லை, வறட்சி ரூபத்திலும் வருகிறான். நாக்கு காய்ந்து சிறுநீர் சுண்டிப்போனால் சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் இறங்கும், தலைசுற்றி விழுவார்கள். அதனால் சகோதரிகளே, பெரியவர்கள் எவ்வளவு போகிறார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். எவ்வளவு குடிக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள்.

நான் அத்தையிடம் சண்டை போடவில்லை. இரண்டு பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டுகளாக மடித்து உள்ளே வைத்துக்கொள்ளக் கொடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்காரும் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார் என் வீட்டுக்காரர். துவைக்கும் வேலையில் பாதியை அவரே எடுத்துக்கொண்டார். "என்னை நீ கழுவினே, உன்னை நான் கழுவக் கூடாதா?" என்று அம்மாவைப் பார்த்து அவர் கேட்ட பிறகுதான் அத்தை ஒரு டம்ளர் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலை லேசாக நினைக்க வேண்டாம். 1971-ல் வங்காள அகதி முகாமில் காலராவால் ஜனங்கள் சாகும்போது, ஏற்றுவதற்குப் பாட்டில் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதைத்தான் டிரம் டிரம்மாகக் கரைத்துக் குடிக்க வைத்தார். முப்பது சதவீதம் என்றிருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் கெடுதல். இருதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயல் கோரை

ஏன் திரும்பி வருகிறது? ஆஸ்பத்திரியில் படம் போட்டு விளக்கினார்கள். எனக்குப் பாதி புரிந்தது. பக்கத்தில் படுத்திருந்த அத்தைக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

அந்தக் கிருமிக்கு மேலே ஓடு கட்டிக்கொண்டு தூங்கத் தெரியும். மருந்து விழித்திருப்பவற்றைத்தான் கொல்லும். ஓட்டுக்குள் தூங்குவதை ஒன்றும் செய்ய முடியாது. மருந்தை நிறுத்தியதும் ஓடு உடைந்து முளைக்கும். அதற்குள் நல்ல கிருமிகள் வளர்ந்து இடத்தைப் பிடித்திருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் மறுபடி அதன் ராஜ்யம். முதல் தடவை குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்குத் திரும்பும். ஒரு தடவை திரும்பினவர்களுக்கு மறுபடி திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடுதல். பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும்.

அத்தை கேட்டுவிட்டுச் சொன்னார்: "வயல்லே கோரை முளைக்கிற மாதிரிதானே? பாய்க்கு அறுக்கிற கோரை இல்லே, களைக் கோரை. மேலே பிடுங்கிப் போட்டா கிழங்கு உள்ளேயே கிடக்கும். நாலு நாள்லே தலை நீட்டும். நீட்ட நீட்டப் பிடுங்கணும். பயிர் தழைச்சு நிழல் கட்டிடுச்சுன்னா அப்புறம் அது எழும்பாது."

டாக்டர் சிரித்துவிட்டு, "அம்மா, உங்களுக்குத் தரப் போற வைத்தியமும் அதேதான்" என்றார்.

இந்தத் தடவை வான்கோமைசினைப் பத்து நாளில் வெட்டென்று நிறுத்தவில்லை. இரண்டு வாரம் நாலு வேளை. பிறகு ஒரு வாரம் இரண்டு வேளை. பிறகு ஒரு வாரம் ஒரு வேளை. அதற்குப் பிறகு மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று பல வாரம் நீட்டினார்கள். மருந்து இல்லாத நாட்களில் கிழங்கு தலை நீட்டும், நல்ல பயிரும் கொஞ்சம் வளரும்; அடுத்த வேளை மருந்து தலை நீட்டியதைக் கிள்ளும். தினசரி காலண்டரில் மருந்து நாட்களுக்கு அத்தையே குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். ஒரு நாளும் தவறவில்லை.

அப்படியும் திரும்பினால்? அதற்கும் வழி இருக்கிறது. கேட்டால் முகம் சுளிப்பீர்கள். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை எல்லாச் சோதனைகளும் செய்து, சுத்திகரித்து, அதிலுள்ள நல்ல கிருமிகளை நோயாளியின் குடலுக்குள் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் டென்வர் நகரில் 1958-லேயே நாலு நோயாளிகளுக்கு இப்படிச் செய்திருக்கிறார்கள். 2013-ல் ஹாலந்தில் ஒரு பரிசோதனை வெளியானது. திரும்பத் திரும்ப நோய் வந்த 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள். வெறும் வான்கோமைசின் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 2023-ல் அமெரிக்காவில் இதைக் கேப்ஸ்யூலாகவே அனுமதித்துவிட்டார்கள். ஆனால் இது வீட்டில் செய்து பார்க்கிற விஷயம் அல்ல. கொடுத்தவரின் மலத்தில் இருந்த வேறொரு கிருமியால் ஒரு நோயாளி இறந்ததாக 2019-ல் அந்நாட்டு மருந்துத் துறையே எச்சரித்தது. எங்கள் அத்தைக்கு அந்தக் கட்டம் வரவில்லை.

வீட்டுச் சுத்தம்

என் பேரனுக்கு அப்போது இரண்டு வயசு. பாட்டியின் மடியை விட்டு இறங்க மாட்டான். அவனுக்கு எதுவும் வந்துவிடுமோ என்று மருமகள் பயந்ததில் நியாயம் உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தது இவ்வளவுதான்:

கை கழுவ சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். கொரோனா காலத்திலிருந்து நாம் கையில் தடவும் சானிட்டைசர் இந்த ஓடு கட்டிய கிருமியைக் கொல்லாது. தேய்த்துக் கழுவித் தண்ணீரோடு போக்கினால்தான் உண்டு. நோயாளியும் கழுவ வேண்டும், பார்த்துக்கொள்கிறவரும் கழுவ வேண்டும்; சாப்பாட்டில் கை வைக்கும் முன் கட்டாயம்.

கக்கூஸ், குழாய்த் திருகு, கதவுத் தாழ்ப்பாள், கட்டில் சட்டம் இவற்றில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் போதாது, பிளீச் கரைசல் வேண்டும். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்து துடைத்துப் பத்து நிமிஷம் ஊற விட்டுப் பிறகு அலம்பினோம். கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சோடு ஆசிட்டை மட்டும் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அழுக்கான துணியைத் தனியாகச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காய வைத்தோம். பேரனை ஒதுக்கவில்லை. போக்கு இருந்த நாட்களில் மட்டும் ஒரே தட்டில் ஊட்டிவிடுவதை நிறுத்தினோம். பெரியவரைத் தீண்டாதவர் போல மூலையில் தள்ளினால் நோய் போகாது, மனசுதான் போகும்.

தயிர், மோர் கொடுக்கலாமா என்று ஊரே கேட்டது. வயிறு ஏற்றால் மோர் நல்ல ஆகாரம். இந்த நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல. நோய் தீர்ந்த புதிதில் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு இளகும். அது வேறு. ஒரு தடவை இளகினதுமே நோய் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம். போக்கு நின்ற பிறகு "கிருமி போயிடுச்சா பார்க்கலாம்" என்று மறுபடி சோதிக்கவும் தேவையில்லை என்றார்கள். குணமானவர்களின் மலத்திலும் கிருமி சில காலம் தென்படுமாம்.

சிவப்புக் கோடு

பங்குனியில் மருந்து முடிந்தது. எட்டு வாரம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வைகாசி பிறந்தது, வரவில்லை. ஆடியில் பழைய கடைவாய்ப் பல் மறுபடி தொல்லை கொடுத்தது. பிடுங்க வேண்டும் என்றார் பல் டாக்டர். அவர் பேனாவை எடுப்பதற்குள் அத்தை முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "எனக்கு சி-டிஃப் இரண்டு தடவை வந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் அவசியம் என்றால் மட்டும் கொடுக்கவும்" என்று வேலூரில் எழுதிக் கொடுத்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, ஜுரமும் வீக்கமும் இல்லை, பல்லைப் பிடுங்கினால் போதும் என்று வலி மாத்திரை மட்டும் எழுதினார். பல் போனது, வயிறு பிழைத்தது.

ஆன்டிபயாடிக்கே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. நுரையீரல் சளிக் காய்ச்சலிலும் ரத்தத்தில் கிருமி கலந்தபோதும் அதுதான் உயிரைக் காக்கும். டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடத்தான் வேண்டும். நான் சொல்வது, சாதாரண ஜலதோஷத்துக்கும், ஒரு நாள் ஜுரத்துக்கும், கடைக்காரர் கையால் வாங்கிப் போடுவதைப் பற்றி. பல முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. மாத்திரை அட்டையின் பின்னால் நெட்டுக்கு ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டியது என்று அர்த்தம். 2016-ல் மத்திய அரசே இதை விளம்பரம் செய்தது. கண்ணாடி போட்டுத்தான் எழுத்தைப் படிக்க முடியும் என்கிற பாட்டிக்குக்கூட அந்தக் கோடு தெரியும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய டப்பாவும் ஒரு நாற்பது பக்க நோட்டும் இல்லாமலா போகும்? பெரியவர் பேரை மேலே எழுதி, எந்தத் தேதியில் எந்த மாத்திரை, எத்தனை நாள், எதற்காக என்று நாலே வார்த்தை குறித்து வையுங்கள். சிவப்புக் கோட்டு மாத்திரைக்கு மட்டும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். அதிலிருந்து மூன்று மாசத்துக்குள் வயிறு கெட்டால், குழம்பு என்ன வைத்தீர்கள் என்று யோசிப்பதற்கு முன்னால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள்.